தலைமுறையின் குரல் தற்செயலாகப் பிறந்தது தெரியுமா?

ஒரு தலைமுறையே தலைமுடி பறக்க ஆடித் தீர்த்த ராக் பாட்டு ஒன்றுக்கு, அக்குளில் பூசுகிற டியோடரன்ட்டின் பெயர்தான் தலைப்பு. தெரியுமா? அதைவிடப் பெரிய கூத்து, பாட்டை எழுதியவருக்கே அது தெரியாது!

1990. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியா என்கிற சின்ன ஊர். பாட்டை எழுதிய கர்ட் கோபேனின் வாடகை வீட்டில் ராத்திரி முழுக்கக் குடி, கும்மாளம், நடுநடுவே புரட்சிப் பேச்சு. கேத்லீன் ஹானா என்ற தோழி (அவரும் பாடகிதான்) போகிற போக்கில் சுவரில் கிறுக்குகிறார்: கர்ட் மேல் டீன் ஸ்பிரிட் வாசம் அடிக்கிறதாம். டீன் ஸ்பிரிட் என்பது இளம்பெண்களுக்காகக் கடைக்கு வந்திருந்த டியோடரன்ட். கர்ட்டின் காதலி பூசிக்கொள்வது. அந்த வாசம் இவர் மேல் ஏன் அடிக்கிறது என்பதுதான் கிண்டல். கர்ட்டோ அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. இளமையின் ஆவேசம் என் மேல் மணக்கிறது என்று ஒரு புரட்சிக்காரி பாராட்டிவிட்டுப் போயிருக்கிறாள் என்று பூரித்துப்போய், அதையே பாட்டுக்குத் தலைப்பாக வைத்துவிட்டார். உண்மை தெரிந்தபோது பாட்டு வெளிவந்து பல மாதம் ஆகியிருந்தது!

1991 செப்டம்பரில் அந்தப் பாட்டு அடங்கிய, கர்ட் குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்தபோது அமெரிக்கக் கடைகளுக்குப் போன முதல் சரக்கு சுமார் 46,000 பிரதி. கம்பெனியின் நம்பிக்கை அவ்வளவுதான். 1992 ஜனவரி 11 தேதியிட்ட பில்போர்டு விற்பனைப் பட்டியலில் அதுதான் முதலிடம். யாரைத் தள்ளிவிட்டு? மைக்கேல் ஜாக்சனை! ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தோடு சிம்மாசனத்தில் இருந்தவரை, கிழிந்த ஜீன்ஸும் எண்ணெய் காணாத தலையுமாக வந்த மூன்று பேர் இறக்கிவிட்டார்கள்.

எந்தத் தலைமுறைக்கு யார் முகம்? பாப், ராக் பைத்தியங்கள் இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்தால் விடிய விடியச் சண்டை நடக்கும். எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வமில்லை. அவரவர் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்டதுதான் ஆயுசுக்கும் நினைவில் ஒட்டிக்கொள்ளும் என்று உளவியல்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்த முகம் பதிந்த கணத்தைத் தோண்டிப் பாருங்கள். அங்கே ஒரு தப்பு, ஒரு தாமதம், ஒரு ஜலதோஷம் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும்.

ஜலதோஷம் என்றேனே, அது ஜான் லெனனுடையது.

1963 பிப்ரவரி 11. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோ. காலை பத்து மணிக்கு உள்ளே போன பீட்டில்ஸ் பையன்கள் ராத்திரி பத்தே முக்கால் வாக்கில் வெளியே வந்தபோது முதல் ஆல்பத்துக்கு வேண்டிய பத்துப் பாட்டும் டேப்பில் ஏறியிருந்தன. ஒரே நாளில்! இன்றைக்கு ஒரு டிரம்முக்கு மைக் சரிபார்க்கவே ஒரு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். லெனனுக்கோ அன்று கடுமையான சளி. தொண்டை மிட்டாயைச் சப்பிச் சப்பிச் சமாளித்தார். கத்திப் பாட வேண்டிய ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டை மட்டும் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். முதலில் பாடினால் தொண்டை அதோடு சரி என்று தெரியும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே மூச்சில் பாடினார். இன்னொரு தடவை முயன்றார்கள், குரலே வரவில்லை. கிழிந்த அந்தத் தொண்டையின் முதல் முயற்சிதான் நாம் இன்றும் கேட்பது!

இதே பையன்களை ஒரு வருஷம் முன்னால் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி வேண்டாமென்று திருப்பி அனுப்பியது தெரியுமா? 1962 புத்தாண்டு அன்று குரல் தேர்வு. முந்தின நாள் லிவர்பூலிலிருந்து பனியில் வழி தவறித் தவறி வேனில் வந்து சேர்ந்திருந்தார்கள். அதே நாளில் பாடிக் காட்டிய வேறொரு குழுவை டெக்கா எடுத்துக்கொண்டது. கிட்டார் குழுக்களின் காலம் மலையேறிவிட்டது என்று டெக்காவில் சொன்னதாக மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் எழுதி வைத்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று டெக்காவின் டிக் ரோ சாதித்தார். சொன்னாரோ இல்லையோ, பட்டம் அவர் தலையில் விழுந்துவிட்டது. கதை அதோடு முடியவில்லை. 1963-இல் லிவர்பூலில் ஒரு போட்டிக்கு டிக் ரோ நடுவர். பக்கத்து நாற்காலியில் இன்னொரு நடுவர், யாரென்று நினைக்கிறீர்கள்? பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன்! லண்டனில் ஒரு குழு இருக்கிறது, விடாதீர்கள் என்று ஹாரிசன் காதில் போட்டார். ரோ ஓடினார். ரோலிங் ஸ்டோன்ஸைக் கையெழுத்துப் போட வைத்தார்!

1964 பிப்ரவரி 9. எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ். பார்த்தவர்கள் ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர். அப்போதைய அமெரிக்க ஜனத்தொகையில் மூன்றில் ஒருவருக்கும் மேல்! நால்வரில் மூத்தவர்களான ரிங்கோவுக்கும் லெனனுக்கும் வயது 23. ஜார்ஜுக்கு இருபத்தொன்று நிறையவே இன்னும் இரண்டு வாரம் பாக்கி. ஏப்ரல் 4 பில்போர்டு பட்டியலில் முதல் ஐந்து இடமும் இவர்களுக்கே. இரண்டாம் இடத்தில் எது தெரியுமா? அந்தச் சளிப் பாட்டு!

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். ஆர்கன் வாசிக்கத் தெரியாத ஒருவர் வாசித்த ஆர்கன்.

1965 ஜூன் 16, நியூயார்க், கொலம்பியா கம்பெனியின் ஸ்டூடியோ. பாப் டிலன் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பதிவு செய்கிறார். அல் கூப்பர் என்ற 21 வயதுப் பையனைச் சும்மா வேடிக்கை பார்க்கத் தயாரிப்பாளர் டாம் வில்சன் கூப்பிட்டிருந்தார். பையன் கிட்டார்க்காரன். எப்படியாவது நுழைந்து வாசித்துவிடலாம் என்று கிட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மைக் புளூம்ஃபீல்ட் உள்ளே வந்து நாலு சுரம் வாசித்ததைக் கேட்டதும், தன் கிட்டாரைப் பேசாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். அவ்வளவு நேர்மை! ஆனால் ஆசை விடுமா? ஆர்கன் பக்கம் ஆள் இல்லை. வில்சன் வேறு வேலையாக இருந்த நேரம் பார்த்து நைசாகப் போய் உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பாட்டை இன்றைக்கு ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு சுரம் மாறும்போதும் ஆர்கன் ஒரு கண் சிமிட்டும் நேரம் பிந்தி வரும். பாணி என்று நினைத்துப் பல பேர் சிலாகித்தார்கள். விஷயம் எளிது: மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பின்னாலேயே போயிருக்கிறான் பையன்! பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது ஆர்கன் சத்தத்தைக் கூட்டச் சொன்னார் டிலன். அவன் ஆர்கன்காரனே இல்லை என்றார் வில்சன். டிலன் காதில் வாங்கவில்லை. ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டு, மூன்று நிமிஷத்துக்கு மேல் பாட்டே போடாத அந்தக் கால ரேடியோ. அப்படியும் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தை மறித்து நின்றது பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’

தலைமுறையின் குரல் என்று கூப்பிட்டால் டிலனுக்கு எரிச்சல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். 2016-இல் இலக்கிய நோபல் கொடுத்தார்கள். விழாவுக்கே அவர் போகவில்லை! அவர் பாட்டைப் பாடப் போன பாடகி பாட்டி ஸ்மித், பாதியில் வரி மறந்து, ராஜா ராணி முன்னால் மன்னிப்புக் கேட்டு மறுபடி பாடினார். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவு.

தூக்கத்தில் பிறந்த பாட்டும் உண்டு. 1965-இல் ஒரு ராத்திரி ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அரைத்தூக்கத்தில் எழுந்து, தலைமாட்டில் இருந்த கேசட் ரெக்கார்டரில் ஒரு கிட்டார் துணுக்கைப் பதிந்துவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்ததும் டேப் கடைசி வரை ஓடியிருப்பதைப் பார்த்துத் திருப்பிப் போட்டால், கொஞ்சம் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’, மிச்சம் நாற்பது நிமிஷம் குறட்டை!

எல்விஸ் பிரெஸ்லிக்கு அமெரிக்காவுக்கு வெளியே கனடாவைத் தவிர வேறெந்த நாட்டிலும் ஒரு கச்சேரிகூட இல்லை, தெரியுமா? 1957 ஜனவரியில் இடுப்பை ஆட்டுகிறார் என்று பயந்து, தொலைக்காட்சியில் அவரை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள். மறைத்தால் ஆசை கூடும் என்பதுகூடத் தெரியாத அப்பாவிகள்!

இப்போது செருப்பையும் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்குவோம். வுட்ஸ்டாக் இசைத் திருவிழா.

1969 ஆகஸ்ட் 15. நியூயார்க் மாநிலம், பெத்தல், மேக்ஸ் யாஸ்கரின் மாட்டுப் பண்ணை. ஐம்பதாயிரம் பேர் வருவார்கள் என்று ஊர்க்காரர்களிடம் சொல்லியிருந்தார்கள். வந்தது நான்கு லட்சத்துக்கும் மேல். வேலி போட்டு முடிப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டதால் டிக்கெட் பேச்சுக்கே இடமில்லை, இலவசம் என்று அறிவித்தார்கள். சாலையெல்லாம் கார் அடைத்துக்கொண்டு நிற்க, முதலில் பாட வேண்டியவர்கள் வந்து சேரவில்லை. கையில் கிடைத்த ரிச்சி ஹேவன்ஸை மேடையேற்றினார்கள். அவரும் பாடினார், பாடினார், தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோகும்வரை பாடினார். இன்னும் கொஞ்சம் இழுங்கள் என்று ஓரத்திலிருந்து கை காட்ட, ஒரு பழைய ஆன்மிகப் பாட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே, அந்த நிமிஷமே கட்டியதுதான் ‘ஃப்ரீடம்’. அவர் வாழ்க்கையின் அடையாளமே அதுவாகிப் போனது!

அதற்கு அடுத்து மேடையேறியவர் யார் தெரியுமா? கோயம்புத்தூர்க்காரர்! நம்புங்கள். செட்டிபாளையத்தில் 1914-இல் ராமசாமியாகப் பிறந்து, பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரிடம் ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கி, இலங்கையில் பல வருஷம் ஆசிரமப் பணி செய்து, 1966-இல் பீட்டர் மேக்ஸ் என்ற ஓவியர் அழைத்ததால் நியூயார்க் போன சுவாமி சச்சிதானந்தர். சாலை அடைத்துக் கிடந்ததால் ஹெலிகாப்டரில் கொண்டு வந்து இறக்கினார்கள். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. சம்மணமிட்டு உட்கார்ந்த ஒற்றை உருவம், தோளில் புரளும் முடி, எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேட்டில் தலை தலை தலை. இசை என்கிற நாதத்தின் சக்தியைப் பற்றிச் சில நிமிஷம் பேசினார். ஹிப்பித் தலைமுறையின் மகாத் திருவிழாவுக்குத் தொடக்க உரை கொங்கு நாட்டுக்காரருடையது! 2002-இல் சென்னையில்தான் காலமானார். நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் வரியாவது இருந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

இன்னொன்று. வுட்ஸ்டாக்கைப் பற்றிய மிகப் புகழ் பெற்ற பாட்டை எழுதிய ஜோனி மிட்செல், வுட்ஸ்டாக்கில் இல்லவே இல்லை! திங்கட்கிழமை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இருந்தது, சேற்றில் மாட்டிக்கொண்டால் திரும்ப முடியாது என்று மேனேஜர் தடுத்துவிட்டார். நியூயார்க் ஓட்டல் அறையில் டிவியைப் பார்த்து ஏங்கி ஏங்கி எழுதினார். போனவர்கள் எழுதியதைவிட அதுதான் நின்றது. போயிருந்தால் நனைந்த செருப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பாரோ என்னவோ! ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரில் அமெரிக்க தேசிய கீதத்தைக் கதறவிட்டாரே, அதுவும் திங்கட்கிழமை காலையில்தான். கூட்டத்தில் பெரும்பாலோர் அதற்குள் வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

குயின் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனி மலை மேல் விடுதியில் தங்கிப் படித்தவர், தெரியுமா? சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை, பெயர் ஃபரோக் புல்சாரா. பள்ளியில் குழு சேர்த்துப் பியானோ வாசித்த பையன், 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்ட் கச்சேரி மேடைக்கு வந்தபோது எதிரே எழுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். பியானோ மேல் வரிசையாகப் பெப்சி கோப்பைகள். மொத்தம் சுமார் இருபது நிமிஷம்தான். இவர் ஒரு ராகத்தை இழுக்க, அத்தனை பேரும் திருப்பி இழுக்கிறார்கள். ஒத்திகை ஏதுமில்லாத எழுபதாயிரம் பேர் கோரஸ்!

மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக்கை மைக்கேல் ஜாக்சன் கண்டுபிடிக்கவில்லை. பில் பெய்லி என்ற, காலால் தாளம் தட்டும் டேப் நடனக்காரர் 1950-களிலேயே அப்படி வழுக்கிக்கொண்டு பின்னால் போனது படமாகவே இருக்கிறது. 1983 மார்ச் 25-இல் மோட்டவுன் கம்பெனியின் வெள்ளி விழாவில் ஜாக்சன் அதைச் செய்தது ஓரிரு நொடி. ஓரிரு நொடிதான்! மே மாதம் ஒளிபரப்பானபோது பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 70 லட்சம் பேர். மறுநாளே உலகத்தில் வழுக்கும் தரை இருந்த இடமெல்லாம் பையன்கள் சாக்ஸோடு பின்னால் போகத் தொடங்கினார்கள். அன்று மேடையை விட்டு இறங்கியபோது ஜாக்சனுக்குத் திருப்தியே இல்லை. கால்விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும் என்று குமைந்தார். பிற்பாடு, உடம்பு முன்னால் சாய்ந்தும் விழாமல் நிற்கும் செருப்புக்கு 1993-இல் காப்புரிமையே வாங்கினார். மேடையிலிருந்து எழும் கொக்கியில் குதிகால் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் ரகசியம்!

நம்மவர் இன்னொருவர். லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர்க்காலத்தில் பத்து வயதில் லண்டனுக்கே அகதியாகத் திரும்பிய மாதங்கி அருட்பிரகாசம். உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 2006-இல் அமெரிக்க விசா கிடைக்காததால் இரண்டாவது ஆல்பத்தை அங்கே போய்ப் பதிவு செய்ய முடியவில்லை. சுற்றிச் சுற்றிச் சென்னைக்கும் வந்தார். அதனால்தான் அந்த ஆல்பத்தில் உறுமி உறுமுகிறது! விசா கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா? ஆல்பத்துக்கு அம்மா கலாவின் பெயர். அதில் இருந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ கிராமி வரை போனது. 2009 பிப்ரவரி 8, கிராமி மேடை, நிறைமாதக் கர்ப்பிணி, அன்றுதான் டாக்டர் குறித்த பிரசவ நாள்! வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான்கு ராப் பாடகர்களோடு பாடிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஆண் குழந்தை. அதே வருஷம் ஆஸ்கர் பட்டியலிலும் பெயர், ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து. அகதித் தலைமுறைக்கு முகம் யாரென்று யாராவது கேட்டால் நான் வேறு பெயர் தேட மாட்டேன்.

இன்றைய பெண் பிள்ளைகளின் முகம் டெய்லர் ஸ்விஃப்ட் என்பதில் பெரிய தகராறு இருக்காது. 2023 ஜூலையில் சியாட்டில் மைதானத்தில் ரசிகர்கள் குதித்த குதியில், பக்கத்து நில அதிர்வுமானியில் 2.3 அளவு நடுக்கத்துக்கு இணையாகப் பதிவாகியிருக்கிறது! அந்தச் சுற்றுப்பயணத்தில் மொத்தம் 149 கச்சேரி, 200 கோடி டாலருக்கு மேல் டிக்கெட் வசூல். 2022 நவம்பரில் பில்போர்டின் முதல் பத்து இடத்தையும் ஒரே ஆளாகப் பிடித்தார். பீட்டில்ஸுக்கு ஐந்து, இவருக்குப் பத்து என்று குதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்று ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகக் காசு கொடுத்துத் தட்டு வாங்க வேண்டும். இன்று ஆல்பத்தை ஓடவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாலும் எல்லாப் பாட்டும் கணக்கில் ஏறிவிடும். என் ஓட்டு ஐந்துக்குத்தான்.

கடைசியாக ஒருவரை ஒளித்து வைத்திருந்தேன். தன் பாட்டு ஒரு தேசத்தின் தலைமுறையையே வளர்த்தது தெரியாமல், கால் நூற்றாண்டு கட்டட வேலை பார்த்தவர்!

சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளியின் மகன், டெட்ராய்ட்காரர். 1970-இல் ‘கோல்ட் ஃபேக்ட்’, அடுத்த வருஷம் இன்னொன்று. இரண்டு ஆல்பமும் அமெரிக்காவில் விலை போகவில்லை. கம்பெனி கைகழுவியது. அவர் பழைய கட்டடம் இடிக்கிற வேலைக்குப் போய்விட்டார்.

அந்தத் தட்டுகள் எப்படியோ தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. நிறவெறி ஆட்சிக் காலம். அரசு சொன்னதை நம்ப மறுத்த வெள்ளைக்கார இளைஞர்களின் வீட்டில் பீட்டில்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் ரோட்ரிகஸ் தட்டும் இருந்தது. அரசு வானொலியின் நூலகத்தில், அவர் பாட்டுள்ள பள்ளத்தை மட்டும் கூர்முனையால் கீறி வைத்திருந்தார்கள், ஊசி ஓடவே கூடாதென்று. ஆளைப் பற்றியோ ஒரு தகவலும் இல்லை. மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ஒரு வதந்தி. பல வருஷம் அதை நம்பி வருத்தப்பட்டிருக்கிறார்கள்!

கேப்டவுனில் ஒரு தட்டுக் கடைக்காரரும் ஒரு பத்திரிகைக்காரரும் துப்புத் துலக்கக் கிளம்பினார்கள். பாட்டில் வரும் ஓர் ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு நூல் பிடித்துப் போனால், டெட்ராய்ட். ஆள் உயிரோடு! அவர் மகளும் இவர்கள் நடத்திய இணையதளத்தைப் பார்த்துவிட்டு அப்பா இருக்கிறார் என்று எழுதினார். 1998 மார்ச்சில் கேப்டவுன் அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் போய் நின்றார், அம்பத்தைந்து வயதில். இவர் வாயைத் திறக்கும் முன்னால் கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது, நிறுத்தவே இல்லை. செத்துப்போனவர் திரும்பி வந்தால் எப்படிக் கத்துவார்கள், அப்படி. பாடத் தொடங்கினால் எல்லா வரியும் அவர்களுக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் இவர் ஏற்கெனவே 1979-லும் 1981-லும் கச்சேரி செய்திருக்கிறார். இவரைப் பற்றி எடுத்து, பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் அதை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டார்கள். கதை கெட்டுவிடுமே!

கச்சேரி முடிந்தது. வந்த காசில் பெரும்பகுதியைக் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார். டெட்ராய்ட்டில் அதே பழைய வீட்டுக்குத் திரும்பினார். கொஞ்ச நாளில் மறுபடி வேலைக்குப் போய்விட்டார். கூட வேலை பார்த்தவர்களிடம் கேப்டவுனில் நடந்ததைச் சொன்னால் நம்பவா போகிறார்கள்?